ஐஸ்கிறீம் லொறியில் வந்த புரதம்

காலையில் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, சுண்டுவிரல் நுனியளவு குப்பிகளுக்கு லேபல் ஒட்டுவது. லேபலின் முதல் வரியில் ‘மனிதப் புரதம்’ என்று அச்சிட்டிருக்கும். கடைசி வரியில் ‘மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்றிருக்கும். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள இந்த ஊருக்கு நான் வந்து பதினான்கு வருடங்களாகின்றன. மழை பக்கவாட்டில் பெய்வது பழகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்வதும் பழகிவிட்டது. இந்த இரண்டு வரிகள் மட்டும் இன்னும் பழகவில்லை. மனிதனுடைய பொருள்தான், ஆனால் மனிதனுக்கு ஆகாது. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். என் மேலதிகாரி இயன் மட்டும் சிரிப்பதில்லை. “சட்டம் அப்படி” என்பார், மழையைப் பற்றிச் சொல்லும் அதே முகத்தோடு.

அது என்ன புரதம் என்று கேட்பவர்களுக்காக ஒரு பத்தி மட்டும் எழுதிவிடுகிறேன். நம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட எழுத்துச் சரம் இருக்கிறது. வெயில், புகை, வயது, ஏன், சும்மா மூச்சு விடுவதுகூட அதில் அங்கங்கே ஓர் எழுத்தைக் கெடுத்துவிடும். அப்படிக் கெட்ட எழுத்தைத் தேடிப் பிடித்து வெட்டி எடுக்கிற புரதம் ஒன்று நம் எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது. ஆய்வுக்கு வேண்டுமென்பதற்காக அதை மனிதரிடமிருந்து பிழிந்தெடுக்க முடியாதல்லவா? அதனால் அதற்கான மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திவிடுகிறோம். தனக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே அது மனிதப் புரதத்தைச் செய்து தள்ளுகிறது. அதைச் சுத்தம் பண்ணி, கிளிசரினில் கலந்து, குளிரில் வைத்து மற்ற ஆய்வுகூடங்களுக்கு அனுப்புகிறோம். இது மருந்தல்ல. டி.என்.ஏ.யில் எங்கே எவ்வளவு சேதம் என்று பார்க்க உதவும் ஒரு கருவி. இதையெல்லாம் ஒருமுறை அப்பாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப பழுதான ஆளத் தேடிப் புடிச்சு வெளிய தள்ளும். அந்த எடத்துல நின்னு வேல செய்றது வேற ஆளு. இது கங்காணிதாம்மா” என்றார். அறிவியலாக அது நூற்றுக்கு நூறு சரி. இயனிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். கங்காணி என்றால் என்ன என்று கேட்டார். “தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிறவர். உங்கள் ஊரிலிருந்து வந்த துரைமார் எங்களுக்கு வைத்த ஏற்பாடு” என்றேன். அவர் அவசரமாகத் தேநீர் போடப் போய்விட்டார்.

இந்தத் தொழிலால் எனக்கு இரண்டு நாடுகளிலும் ஒரே அவப்பெயர்தான் கிடைத்தது. வந்த புதிதில் கீழ்வீட்டு ஜிம், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, படிக்கட்டில் மறித்து, “வாட் டு யூ டூ, ஹென்?” என்று கேட்டார். ஹென் என்றால் கோழி என்றுதான் இலங்கையில், பதுளைப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். இந்த ஊரில் அது ‘கண்ணு’ என்பதுபோல ஒரு செல்லச் சொல் என்று தெரிய எனக்கு ஆறு மாதமானது. கோழி என்று கூப்பிட்டுவிட்டாரே என்ற அதிர்ச்சியில், “டி.என்.ஏ. ரிப்பேர்” என்று முனகினேன். அவருக்குப் பின்பாதிதான் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை கதவைத் தட்டி, வாலோடு ஒரு மின்கேத்தலை என் கையில் கொடுத்தார். மறுத்துச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பியூஸ் போயிருந்தது, மாற்றிக் கொடுத்தேன். அந்தக் கேத்தல் இன்றும் ஓடுகிறது. அடுத்த வாரம் மூன்றாம் மாடிப் பெண்மணி பாண் வாட்டும் இயந்திரத்தோடு வந்தார். ஊரிலும் இதே கதைதான். எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலையடியில் இருக்கிறது. பிலோமினா வெளிநாட்டில் என்ன செய்கிறாள் என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது கேட்டால், அம்மா, “ரிப்பேர் வேலதான்” என்று சுருக்கமாக முடித்துவிடுவார். “பாவம், அவ்வளவு படிச்சும் ரிப்பேர் வேலையா” என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்களாம். பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர், பிள்ளை லீவில் வரும்போது தன்னுடைய கிரைண்டரைப் பார்க்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

போன வருடம் கௌரியிடமிருந்து அழைப்பு வந்தது. கௌரி பதுளையில் என்னோடு உயர்தரம் படித்தவள். பதுளைக்கு வெளியே ஒரு கல்வி நிறுவனத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். தோட்டங்களில் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடிக்கிறவர்களுடைய இரத்தத்தில் டி.என்.ஏ. சேதம் இருக்கிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டுமென்பது அவளுடைய பல நாள் எண்ணம். அதற்கு என்னுடைய புரதம் வேண்டும். ஏற்கெனவே வேறோர் இடத்திலிருந்து வரவழைத்திருக்கிறாள். அது வழியிலேயே சூடேறிச் செத்துப் போய்விட்டது. அது தெரியாமல் எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு பேரிடம் இரத்தம் எடுத்திருக்கிறாள். சோதனையில் ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி கேட்கப் போனபோது, மருந்தடிக்கிற ஆட்களில் மூத்தவரான மாரிமுத்து மாமா சொன்னாராம்: “டீச்சர், அட்டகூட வயிறு நெறஞ்சா தானா விழுந்துரும். நீங்க ரெண்டாந் தடவையும் வர்றீங்களே.” இதைச் சொல்லிவிட்டு கௌரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “இன்னொரு தடவ தப்பினா அவங்க எனக்குக் கைய நீட்ட மாட்டாங்கடி. நீட்டவுங் கூடாது” என்றாள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் என் அப்பா, அருளப்பு. காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, “அருளப்பு, மருந்து” என்பது என் சின்ன வயதில் தினமும் கேட்டது. முதுகில் நீலநிற மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். மதியம் இறங்கி வந்தால் அம்மா வாசற்படியில் ஈர்க்குமாற்றை வைத்துக்கொண்டு நிற்பார். மலைநீர் கொட்டும் பீலியில் குளித்து, உடுப்பை மாற்றி, கையை மோந்து காட்டினால்தான் உள்ளே அனுமதி. அப்பா கையை நீட்ட, அம்மா மோந்து பார்த்து, “இன்னம் ஒரு தடவ” என்று திருப்பி அனுப்புவார். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்போம். ஆய்வுகூடத்தில் இன்றைக்கு ஒரு துளி இரசாயனத்தைத் தொட வேண்டுமென்றாலும் நான் இரண்டு சோடி கையுறை, கண்ணாடி, வெள்ளை அங்கி எல்லாம் போட்டு, ஒரு படிவத்தில் கையெழுத்தும் வைக்க வேண்டும். பாதுகாப்பு வகுப்பு நடத்த வந்த அதிகாரி, “உங்கள் நாட்டில் முன்பு என்ன முறை கையாண்டீர்கள்?” என்று கேட்டபோது, “அம்மா மோந்து பார்ப்பார்” என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஏதோ உபகரணத்தின் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும்.

லீவு எடுத்து நானே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். இயன் ஆறு குப்பிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு என்று சொல்லக்கூடிய அளவுதான், ஆனால் அது பல நாள் வேலைக்குப் போதும். குப்பிகளை உறைந்த ஜெல் பைகளுக்கிடையில் வைத்து, சப்பாத்துப் பெட்டியளவு, சூடு புகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அடைத்தேன். கௌரி அனுமதிக் கடிதங்களை முத்திரையோடு அனுப்பியிருந்தாள். ஒரே சிக்கல், கொழும்பிலிருந்து பதுளை வரைக்கும் குளிர் குறையாமல் எப்படிக் கொண்டுபோவது? அதற்கு வழி எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அண்ணன் சூசை ஐஸ்கிறீம் கொம்பனி ஒன்றின் லொறி ஓட்டுகிறார். பின்பெட்டி பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. என் புரதத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததுபோலப் பொருத்தமான குளிர் அது. அண்ணன் தன் மனேஜரிடம் கேட்டிருக்கிறார். “சத்தம் போடாம மூலையில இருந்தாச் சரி” என்று அவர் சொல்லிவிட்டாராம்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, மூக்குக்கண்ணாடி போட்ட பணிவான மனிதர், பெட்டிக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கலாம். பதினான்கு வருடம் வெளியே கிடந்தவள் என்று தெரியக் கூடாது என்ற வீம்பில் சிங்களத்தில் தொடங்கினேன். மனிதர் என்பதற்கு ‘மினிஸ்’ என்று சொல்ல வேண்டும். அதன் கடைசி எழுத்தை நான் விமானத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்போல. “மேக்க மினீ... பெட்டியக்” என்றேன். மனிதப் புரதம் உள்ள பெட்டி என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. சிங்களத்தில் மினீ என்றால் பிணம். மினீ பெட்டி என்றால் சவப்பெட்டி. அதிகாரி எழுந்து நின்றார். அடுத்த மேசைக்காரரும் எழுந்து நின்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அம்மணி ஒருவர் ஓரடி தள்ளிப்போய்க் கைகூப்பினார். சப்பாத்துப் பெட்டியளவு பெட்டியை அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, மிக மெதுவாக, “காகேத?” என்றார். யாருடையது?

“யாருடையதும் இல்லை. பாக்டீரியா செய்தது” என்று ஆங்கிலத்துக்குத் தாவினேன். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. இப்போது பெட்டிக்குள் கிருமியும் சேர்ந்துவிட்டது. கிருமியெல்லாம் வடிகட்டியாகிவிட்டது, இது வெறும் புரதம் என்றேன். கடிதத்தை வாசித்துவிட்டு, “மனிதர் என்று எழுதியிருக்கிறதே, அந்த மனிதர் இப்போது எங்கே?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த நேரத்தில், புஜம் சட்டைக்கையைக் கிழித்துவிடும்போல இருந்த ஓர் இளம் அதிகாரி எட்டிப் பார்த்து, “புரோட்டீனா? ஜிம்முக்கா?” என்றார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் மூடியைத் திறந்து, ஆறு குப்பிகளைப் பார்த்து, முகம் வாடிவிட்டார். “இவ்வளவுதானா? இதக் குடிச்சு என்னா சதை போடப் போறீங்க மிஸ்?” என்று கொச்சைத் தமிழில் கேட்டார். பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு கடிதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, முத்திரை குத்தி, பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். பெட்டியைச் சும்மா தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லைபோல.

அண்ணன் லொறியோடு காத்திருந்தார். என்னைக் கட்டிப்பிடிப்பதற்கு முன் பெட்டியை வாங்கி, சொக்லட் ஐஸ்கிறீம் அட்டைகளுக்கும் பழ ஐஸ்கிறீம் வாளிகளுக்கும் நடுவில் வைத்து, கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தார். “ஒன் புள்ள நல்லா தூங்குது. ஏறு” என்றார். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை என்று நின்று நின்று ஐஸ்கிறீம் இறக்கிக்கொண்டு மலையேறினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் இறங்கிப் பின்கதவில் காவல் நின்றேன். ஹப்புத்தளையில் மூடுபனி இறங்கியது. “ஒங்க ஊருலயும் இப்படித்தானே?” என்று அண்ணன் கேட்டார். ‘ஒங்க ஊரு’ என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாக, “ஆமா, இதவிடக் கூட” என்றேன். பண்டாரவளையில் எனக்குத் தலை சுற்றியது, மலை வளைவுகள் மறந்துபோன உடம்பு. ஐஸ்கிறீமைக் கடை ஆட்களே இறக்கட்டும் என்று விட்டுவிட்டு, எதிர்க் கடையில் பிளேன்டீ குடிக்கப் போனோம். காவலை விட்டது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

தெமோதரை ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைக்கு இறக்குவதற்காக அண்ணன் பின்கதவைத் திறந்தார். சொக்லட் இருந்தது, பழம் இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. பண்டாரவளைக் கடை ஆட்கள் எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் இறக்கிவிட்டார்கள். அண்ணன் லொறியைத் திருப்பினார். தன்னுடைய ஆயுளில் ஐஸ்கிறீம் லொறியை அப்படி ஓட்டியதில்லை என்று பிறகு சொன்னார். நான் வழியெல்லாம் செபமாலை சொன்னேன். பரலோக மந்திரத்துக்கு நடுவில், கிளிசரின் எத்தனை பாகையில் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று கணக்கும் ஓடியது. கடை முதலாளி, வயிறு தள்ளிய நல்ல மனிதர், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவருக்குத்தான் கோபம்.

“என்னா சூசை, போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறீங்க? என்னா கொம்பனி இது? இவ்வளவு பெரிய பெட்டி, உள்ளுக்கு ஆறு சொட்டு! சாம்பிள்னாலும் ஒரு கரண்டி வைக்க வேணாமா?”

“தொறந்தீங்களா?” என்று நான் கேட்டேன்.

“தொறக்காம எப்படிம்மா ருசி பாக்கிறது?”

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி நிதானமாகத் தன் கருத்தைச் சொன்னார். “இனிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி ஒரு வாசம் வருது பாருங்க, கூமுட்ட மாதிரி. அத மட்டும் மாத்தச் சொல்லுங்க. இப்படியே விட்டா இந்தப் பக்கம் ஓடாது.”

இரண்டும் உண்மை. கிளிசரின் இனிக்கும். புரதம் கெடாமலிருக்க நாங்கள் சேர்க்கும் ஒரு பொருளுக்கு அழுகிய முட்டை வாசம். நான் பதறிப்போய் இயனுக்கு அழைத்தேன். அங்கே அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். ஒருவர் ஒரு குப்பியை நக்கிவிட்டார் என்றேன். “எப்படி இருந்ததாம்?” என்று இயன் கேட்டார். இனிப்பாம், ஆனால் முட்டை வாசமாம் என்றேன். இயன் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மூச்சு வாங்கும்வரை சிரித்துவிட்டு, அந்த அளவில் ஒன்றும் ஆகாது, வாயைக் கொப்பளித்துத் தண்ணீர் குடிக்கச் சொல் என்றார். முதலாளி தண்ணீர் குடித்துவிட்டு, “இது என்னாதான்மா?” என்றார். உடம்பில் பழுதைக் கண்டுபிடிக்கிற புரதம் என்று சொன்னது என் பிழை. “அப்ப உள்ளுக்குப் போய் என் முழங்காலப் பாக்குமா?” என்று கண்கள் விரியக் கேட்டார். பார்க்காது என்று மூன்று விதமாகச் சொன்னேன். முழங்கால் பரவாயில்லை என்று அவர் அண்ணனிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்ற ஐந்து குப்பிகளும் மூடி திறக்காமல் இருந்தன. ஆனால் பெட்டி கடையின் குளிரூட்டிக்குப் போவதற்கு முன் எவ்வளவு நேரம் மேசையில் கிடந்தது என்பது அவருக்குச் சரியாக நினைவில்லை. “ஒரு வாடிக்கக்காரர் போற நேரம்” என்றார். அது எவ்வளவு நேரம் என்று எந்த அறிவியல் புத்தகத்திலும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேரும் ஒரு வான் வண்டியில் வந்து கௌரியின் ஆய்வுகூடத்துக்கு முன்னால் இறங்கினார்கள். எல்லோரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார்கள். அப்பா முந்தைய நாள் இரவுதான் என்னைப் பார்த்திருந்தும், எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை தலையில் கைவைத்தார். மாரிமுத்து மாமா கதவருகிலேயே நின்று சொன்னார்: “டீச்சர், தப்பா நெனக்காதீங்க. போன தடவ ரத்தம் எடுத்துட்டுப் போனீங்க, நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. இந்தத் தடவ மொதல்ல நீங்க ஒங்க ரத்தத்துல செஞ்சு காட்டுங்க. சாமான் வேல செய்யுதான்னு எங்க கண்ணால பாக்கிறோம். பொறகு கைய நீட்டுறோம்.” கௌரி என்னைப் பார்த்தாள். நான் சட்டைக்கையை மடித்துவிட்டேன்.

சோதனை இதுதான். என் இரத்தத்திலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் ஜெல்லுக்குள் பதித்து, வேண்டுமென்றே கொஞ்சம் சேதப்படுத்துவோம். புரதம் உயிரோடிருந்தால் கெட்ட எழுத்துகள் இருக்கும் இடத்தில் டி.என்.ஏ.யை வெட்டும். பிறகு மின்சாரம் பாய்ச்சினால், வெட்டுப்பட்ட துண்டுகள் ஒரு பக்கமாக இழுபட்டு, வால்நட்சத்திரம்போலத் தெரியும். புரதம் செத்திருந்தால் வால் இருக்காது, வெறும் உருண்டைதான். செய்து முடிக்க ஐந்து மணித்தியாலம் எடுத்தது. ஆட்கள் வராந்தாவில் சோற்றுப் பார்சல் பிரித்துச் சாப்பிட்டார்கள். கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்து, நான் இரண்டு சோடி கையுறை போடுவதை எண்ணினார்கள். “ஒங்க மக மருந்தடிக்கப் போறாளா அருளப்பு?” என்று ஒருவர் கேட்க, “ரெண்டு கையுறையா? எனக்கு ஒண்ணுதான் கெடச்சுது, அதுவும் எடது கைக்கு” என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். பண்டாரவளை மேசையில் அந்தப் பெட்டி கிடந்த நேரத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு நுண்ணோக்கி அறையை இருட்டாக்கி, எல்லோரையும் உள்ளே கூப்பிட்டோம். முதல் தகட்டில் புரதம் சேர்க்கவில்லை. திரையில் பச்சை நிறத்தில் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. “எல்லாம் நெல்லிக்காயாட்டம் இருக்கு” என்றார் ஒருவர். கௌரி இரண்டாவது தகட்டை வைத்தாள். அவள் தகட்டை நகர்த்த, திரையில் படம் ஆடியது. பிறகு நின்றது. ஓர் உருண்டை. அதற்குப் பின்னால் நீளமாக, மங்கலானாலும் தெளிவாக ஒரு வால். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. மாரிமுத்து மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். “ஐயய்யோ அருளப்பு, வெளிநாட்டுக்குப் போன புள்ளைக்கு வால் மொளச்சிருக்கே!” இருட்டறை குலுங்கியது. கௌரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். விளக்கைப் போட்டபோது மாரிமுத்து மாமா சட்டைக்கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா கடைசியாக வந்தார். கௌரி நரம்பு தேடும்போது அவர் தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லதோ கெட்டதோ, சொல்லிருங்க டீச்சர். ஆறு மாசம் ஆனாலும் சரி. தெரிஞ்சுக்கிட்டு இருக்கிறோம்” என்றார். கௌரி, “தோட்டத்துக்கே வந்து, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லுவேங்க” என்றாள். அவளுடைய சத்தியம் அதுதான். அவர்களுக்கும் அது போதுமாயிருந்தது. முடிவுகள் இன்னும் வரவில்லை, வேலை நடக்கிறது. வந்ததும் முதலில் அவர்களுக்குத்தான் தெரியும், அதனால் என்னிடம் யாரும் கேட்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, கௌரி இரத்தக் குப்பிகளை அடுக்கினாள். மருந்தடிக்கிற தோட்டத்து ஆட்களுடையது, குப்பிகளை நிறுத்தி வைக்கும் நீலச் சட்டத்தில். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தோட்டத்தில் ஒருநாளும் வாழாத பதுளை டவுன் ஆட்களிடம் முன்பே எடுத்து வைத்தது வெள்ளைச் சட்டத்தில். காலையில் எடுத்த என் இரத்தக் குப்பி கையில் மிஞ்சியது. வெள்ளைச் சட்டத்துக்குக் கொண்டுபோனவள் நின்று, “நீ எத்தன வயசு வரைக்கும் லயத்துல இருந்தே?” என்று கேட்டாள்.

“பத்தொன்பது.”

“மருந்து தொட்டிருக்கியா?”

நான் யோசிப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். “தொட்டாளாவா? பீலியில டாங்கி கழுவுறப்ப கூடவே தண்ணி ஊத்துவா. வெளாட்டு.”

“அப்ப டவுன் ஆளுகளோட சேக்க முடியாது” என்று கௌரி நீலச் சட்டத்தின் பக்கம் திரும்பினாள். மாரிமுத்து மாமா, “எங்க பக்கம் வைங்க, எங்க புள்ளதானே” என்று இடம் காட்டினார். கௌரி தலையை ஆட்டினாள். “பதினாலு வருசமா வேற காத்து, வேற தண்ணி, வேற சாப்பாடு மாமா. ஒங்க கணக்கக் கெடுத்துருவா.” என்னைப் பார்த்து, “ஒன்னைய எதுலயும் சேர்க்க முடியலடி” என்றாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எறிவதற்கும் அவளுக்கு மனமில்லை. தேத்தண்ணிக் கோப்பையொன்றில் ஐஸ் போட்டு, அதில் என் குப்பியைக் குத்தி நிறுத்தினாள். குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டில் நீலச் சட்டம், கீழ்த்தட்டில் வெள்ளைச் சட்டம். கோப்பைக்கு இரண்டிலும் இடமில்லை. அதைக் கதவின் உட்பக்கத்துச் சிறு தட்டில், முட்டை வைக்கிற இடத்தில் வைத்தாள். நாங்கள் அங்கிருந்து கிளம்பும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் தண்ணீர்ப் போத்தலுக்காக அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். திறக்கும்போதெல்லாம் இரண்டு தட்டுகளும் உள்ளே அசையாமல் இருந்தன. கோப்பை மட்டும் கதவோடு சேர்ந்து வெளியே வந்தது, சாத்தும்போது உள்ளே போனது.